லினக்ஸ் கருனியில் நினைவக மீட்பு: தூர்வாரலின் வரலாறு

கணினியிலும் கைப்பேசியிலும் நினைவகம் நிரம்பும்போது, எதை வைத்துக்கொள்வது, எதை வெளியேற்றுவது என்று முடிவு செய்வது இயங்குதளத்தின் கருனி (கெர்னல்) ஆகும். இந்தப் பணிக்கு நினைவக மீட்பு என்று பெயர். லினக்ஸ் கருனியில் இப்பணியைச் செய்யும் நிரலின் பெரும்பகுதி 'விஎம்ஸ்கேன்' என்னும் ஒரே கோப்பில் இருக்கிறது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளும் இணையத்தின் பெரும்பாலான வழங்கிகளும் லினக்ஸ் கருனியில் ஓடுவதால், அந்தக் கோப்பில் நிகழும் மாற்றம் கோடிக்கணக்கானவர்களின் கைக்குள் போய்ச் சேர்கிறது.

இந்த நிரல் பலமுறை திருத்தப்பட்டிருக்கிறது. அவற்றுள் மிக நீண்டது, நினைவகக் கட்டுப்பாட்டகம் என்னும் பகுதியைச் சுற்றி நடந்த துப்புரவு. அதன் தொடக்கம் பெங்களூரில் பணியாற்றிய பொறியாளர்களின் கையில் அமைந்தது. அது எப்படித் தொடங்கியது, ஏன் சிக்கலானது, எவ்வாறு சீராக்கப்பட்டது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

தலைமடையும் கடைமடையும்

திருக்காட்டுப்பள்ளியில் காவிரியிலிருந்து குடமுருட்டி ஆறு பிரிகிறது. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12க்கு முன்பே ஆறுகளையும் வாய்க்கால்களையும் தூர்வார வேண்டும் என்பது டெல்டா உழவர்கள் ஆண்டுதோறும் எழுப்பும் கோரிக்கை. வாய்க்கால் தூர்ந்திருந்தாலும் தலைமடை வயலுக்குத் தண்ணீர் எப்படியாவது ஏறிவிடும். பயிர் காய்வது கடைமடையில்தான். தூர்வாரிய பலனை முதலில் உணர்வதும் கடைமடைக்காரர்தான்.

நினைவக மீட்பு நிரலும் இப்படிப்பட்டதே. 16 ஜிபி நினைவகம் உள்ள கணினியில் மீட்பு நிரல் குழம்பிக் கிடந்தாலும் பயனர் அதை அறியமாட்டார். 2 ஜிபி கைப்பேசி வைத்திருக்கும் மாணவரின் நிலை வேறு. கல்லூரிச் சேர்க்கை விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருக்கும்போது ஒருமுறைக் கடவுச்சொல் குறுஞ்செய்தியைப் பார்க்கப் போகிறார். திரும்பி வந்தால் உலாவி முதலிலிருந்து ஏறுகிறது. நிரப்பிய கட்டங்கள் எல்லாம் வெறுமையாகக் கிடக்கின்றன. குறுஞ்செய்திச் செயலிக்கு இடம் தர உலாவி வெளியேற்றப்பட்டுவிட்டது. அந்த நேரத்தில் வெளியேற்றத் தக்கது வேறு ஏதேனும் இருந்ததா என்பதே மீட்பு நிரல் விடை காண வேண்டிய கேள்வி.

மீட்பு நடக்கும் முறை

கருனி நினைவகத்தைப் பக்கங்களாகப் பிரித்து ஆள்கிறது. பெரும்பாலான கணினிகளில் ஒரு பக்கம் 4 கேபி அளவு கொண்டது. பக்கங்களில் இரு வகை உண்டு.

முதல் வகை, கோப்புப் பக்கங்கள். வட்டில் உள்ள கோப்பின் நகல் இவை. மாற்றப்படாமல் இருந்தால் உடனே விட்டுவிடலாம். தேவைப்படும்போது வட்டிலிருந்து மீண்டும் படித்துக்கொள்ளலாம். மாற்றப்பட்டிருந்தால் முதலில் வட்டில் எழுத வேண்டும்.

இரண்டாம் வகை, பெயரிலிப் பக்கங்கள். நிரல் ஓடும்போது அது தனக்காக உருவாக்கிக்கொண்ட தரவு இது. இதற்கு வட்டில் நகல் இல்லை. வெளியேற்ற வேண்டுமானால் இடமாற்றுப் பகுதியில் (ஸ்வாப்) எழுதி வைக்க வேண்டும்.

காலி நினைவகத்தின் அளவைக் கவனிக்கக் கருனி மூன்று குறிகளை வைத்திருக்கிறது. நிரலாளர்கள் அவற்றை 'வாட்டர்மார்க்', அதாவது நீர்மட்டக் குறி என்றே அழைக்கிறார்கள். காலி இடம் நடுக்குறிக்குக் கீழே இறங்கினால் 'கேஸ்வாப்டி' என்னும் பின்னணிப் பணி விழித்துக்கொள்கிறது. மேற்குறியைத் தொடும் வரை அது பக்கங்களை மீட்கிறது. அதன் வேகம் போதாமல் காலி இடம் கீழ்க்குறிக்கும் கீழே போய்விட்டால், நினைவகம் கேட்ட நிரலே நின்று, தனக்கு வேண்டியதைத் தானே மீட்டுக்கொள்ள வேண்டும். திரை உறைந்து நிற்பதுபோல் பயனர் உணரும் தருணங்களில் சில இவை. அதுவும் பலிக்காவிட்டால் ஏதேனும் ஒரு செயலி கொல்லப்படும்.

ஆகவே மீட்பின் தரம் ஒரே கேள்வியில் அடங்குகிறது: இனி வெகுநேரம் தேவைப்படாத பக்கம் எது?

முன்வரலாறு

இக்கேள்வி லினக்ஸைவிடப் பழையது. 1962இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் செயல்பாட்டுக்கு வந்த அட்லஸ் கணினியில் 16 ஆயிரம் சொற்கள் கொண்ட உள்ளக நினைவகமும் 96 ஆயிரம் சொற்கள் கொண்ட உருளை நினைவகமும் இருந்தன. இரண்டையும் ஒரே நினைவகம்போல் நிரலருக்குக் காட்டிய அந்த வடிவமைப்பு, எந்தப் பக்கத்தை உருளைக்கு அனுப்புவது என்பதைக் கடந்தகாலப் பயன்பாட்டிலிருந்து கணித்தது.

1966இல் ஐபிஎம் ஆய்வாளர் லாஸ்லோ பெலாடி, வெகுதொலைவில் தேவைப்படும் பக்கத்தை வெளியேற்றுவதே மிகச் சிறந்த வழி என்பதை அளவுகோலாக வைத்து மற்ற முறைகளை ஒப்பிட்டார். வருங்காலம் யாருக்கும் தெரியாது என்பதால் அந்த வழியை நடைமுறையில் கையாள முடியாது. 1968இல் பீட்டர் டென்னிங் 'பணித்தொகுதி' என்னும் கருத்தை முன்வைத்தார். ஒரு நிரல் அண்மைக்காலத்தில் தொட்ட பக்கங்களின் தொகுதி அது. அத்தொகுதி நினைவகத்தில் கொள்ளாவிட்டால், கணினி பக்கங்களை மாற்றி மாற்றிப் போடுவதிலேயே பொழுதைக் கழிக்கும். அதே ஆண்டில் மல்டிக்ஸ் இயங்குதளத்துக்காகப் பெர்னாண்டோ கார்பட்டோ, கடிகார முள் சுற்றுவதுபோல் பக்கங்களை வரிசையாகச் சுற்றிவந்து பார்க்கும் எளிய முறையை ஆராய்ந்தார். பின்னாளில் வந்த பல இயங்குதளங்கள் இவற்றின் கலவையையே கையாண்டன.

1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸில், 2001ஆம் ஆண்டு மீட்பு நிரல் பெரும் சர்ச்சைக்குள்ளானது. 2.4 பதிப்பில் ரிக் வான் ரீல் வடிவமைத்த நினைவக மேலாண்மை இருந்தது. நிலைப்பதிப்பு எனப்பட்ட அந்த வரிசையின் நடுவிலேயே, செப்டம்பர் 2001இல் வெளியான 2.4.10இல், டோர்வால்ட்ஸ் அதை நீக்கிவிட்டு ஆண்ட்ரியா ஆர்காஞ்செலி எழுதிய வடிவத்தைச் சேர்த்தார். ஆலன் காக்ஸ் தாம் பராமரித்த கிளையில் சிலகாலம் வான் ரீலின் வடிவத்தையே தொடர்ந்தார். மொத்தமாகப் பெயர்த்தெடுத்து வேறொன்றை நடுவது எவ்வளவு கொந்தளிப்பை உண்டாக்கும் என்பதற்கு இது சான்றாயிற்று. அதன்பிறகு பெரிய மாற்றங்கள் சிறுசிறு துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு உள்ளே வரலாயின.

டிசம்பர் 2008இல் வெளியான 2.6.28 பதிப்பில் கோப்புப் பக்கங்களுக்கும் பெயரிலிப் பக்கங்களுக்கும் தனித்தனிப் பட்டியல்கள் வந்தன. ஒவ்வொரு வகையிலும் சூடான பக்கங்களுக்கு ஒன்று, ஆறிய பக்கங்களுக்கு ஒன்று. வெளியேற்றவே முடியாத பக்கங்களுக்கு ஐந்தாவது பட்டியல். ஆறியவற்றின் கடைசியிலிருந்து எடுத்து வெளியேற்றுவதே வழக்கம்.

பெங்களூரிலிருந்து வந்த கட்டுப்பாட்டகம்

இதே காலத்தில் ஒரே கணினியைப் பலர் பகிரும் தேவை பெருகியது. ஒருவரின் நிரல் நினைவகம் முழுவதையும் விழுங்கினால் மற்றவர்கள் பட்டினி கிடக்க வேண்டியிருந்தது. நிரல்களைக் குழுக்களாகப் பிரிக்கும் 'சிகுரூப்' என்னும் சட்டகத்தைக் கூகுளின் பால் மெனேஜ் முன்னெடுத்தார். அது ஜனவரி 2008இல் 2.6.24 பதிப்பில் சேர்ந்தது.

குழுக்களுக்கு நினைவக வரம்பு விதிக்கும் பகுதியைப் பெங்களூரில் ஐபிஎம் லினக்ஸ் தொழில்நுட்ப மையத்தில் பணியாற்றிய பல்பீர் சிங் எழுதினார். ஓபன்விசெட் திட்டத்தைச் சேர்ந்த பாவெல் எமெலியானோவின் பங்கும் அதில் உண்டு; நிரல் கோப்பின் தலைப்பில் இருவர் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளன. பல்பீர் சிங்கும் உடன் பணியாற்றிய வைத்தியநாதன் சீனிவாசனும் 2007இல் ஒட்டாவா லினக்ஸ் கருத்தரங்கில் இதன் சவால்களையும் வேகத்தையும் பற்றிக் கட்டுரை அளித்தனர். ஏப்ரல் 2008இல் வெளியான 2.6.25 பதிப்பில் நினைவகக் கட்டுப்பாட்டகம் கருனியின் அங்கமானது. பின்னர் ஜப்பானின் கமெசாவா ஹிரோயுகி உள்ளிட்ட பலர் அதை வளர்த்தனர்.

அது செய்யும் வேலையைச் சொல்வது எளிது. ஒரு குழு தன் வரம்பைத் தொட்டால், அந்தக் குழுவின் பக்கங்களிலிருந்து மட்டுமே மீட்க வேண்டும். அதற்கு எந்தப் பக்கம் எந்தக் குழுவுக்கு உரியது என்ற விவரம் வேண்டும். குழுவின் பக்கங்களில் எது சூடு, எது ஆறியது என்ற வரிசையும் வேண்டும். ஆகவே நினைவகத்தின் ஒவ்வொரு பக்கத்துக்கும் 'பேஜ் சிகுரூப்' என்னும் தனிக் குறிப்பு உருவாக்கப்பட்டது. அக்குறிப்புகள் குழுவுக்குரிய பட்டியல்களில் கோக்கப்பட்டன. கணினி முழுவதற்குமான பழைய பட்டியல் தொடப்படாமல் அப்படியே இருந்தது. இதனால் கட்டுப்பாட்டகத்தைப் பயன்படுத்தாதவர்களின் மீட்பு வழி மாறவில்லை.

ஒரே வயலுக்கு இரண்டு பதிவேடு

இந்த ஏற்பாடு புதிய பகுதி கருனிக்குள் நுழைய வழிவிட்டது. சிக்கலும் அங்கேயே பிறந்தது. ஒவ்வொரு பக்கமும் ஒரே நேரத்தில் இரண்டு பட்டியல்களில் இருந்தது. ஒரே வயலுக்கு இரண்டு அலுவலகங்களில் இரண்டு பதிவேடுகள் வைத்ததைப் போன்றது இது. ஒன்றில் சாகுபடி என்றும் மற்றொன்றில் தரிசு என்றும் இருந்தால் எதை நம்புவது?

கணினி முழுவதற்கும் இடம் குறையும்போது மீட்பு நிரல் பொதுப் பட்டியலைப் பார்த்தது. ஒரு குழு தன் வரம்பை மீறும்போது அக்குழுவின் பட்டியலைப் பார்த்தது. இரண்டு வரிசைகளும் ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒவ்வொரு பக்க நகர்வுக்கும் இரு பட்டியல்களையும் திருத்த வேண்டியிருந்தது. மீட்பு நிரலிலும் ஆங்காங்கே 'பொது மீட்பா, குழு மீட்பா' என்று கேட்டுப் பிரியும் கிளைகள் முளைத்தன. ஒரு கிளையில் செய்த திருத்தத்தை மற்றொன்றில் செய்ய மறந்தால் பிழை புகுந்தது.

பொதுப் பட்டியலில் எல்லாக் குழுக்களின் பக்கங்களும் கலந்து கிடந்ததும் ஒரு குறையே. கணினி நெருக்கடியில் இருக்கும்போது, ஒரு குறிப்பிட்ட குழுவைக் காப்பாற்றவோ மற்றொன்றிலிருந்து கூடுதலாக எடுக்கவோ அந்தப் பட்டியலைக் கொண்டு எளிதில் இயலாது. 2009 டிசம்பரில் வெளியான 2.6.32இல் பல்பீர் சிங் சேர்த்த மென்வரம்பு இதற்கான ஒரு முயற்சி. நெருக்கடியின்போது மென்வரம்பை மிக அதிகமாக மீறிய குழுவிடமிருந்து முதலில் மீட்கும் வழி அது. ஆனால் அதுவும் வழக்கமான மீட்புக்குப் பக்கத்தில் ஓடும் தனி வழியாகவே அமைந்தது.

செலவும் கொஞ்சமல்ல. 64 பிட் கணினியில் பட்டியலில் கோப்பதற்கு மட்டும் ஒரு பக்கத்துக்கு இரண்டு சுட்டிகள், அதாவது 16 பைட்டுகள் வேண்டும். 4 ஜிபி நினைவகத்தில் ஏறத்தாழ 10 லட்சத்து 48 ஆயிரம் பக்கங்கள் உண்டு. இரண்டாம் கோப்புக்கு மட்டும் 16 எம்பி போய்விடும். 64 ஜிபி வழங்கியில் அது 256 எம்பி. நினைவகத்தைச் சிக்கனப்படுத்த வந்த பகுதி, தானே நினைவகத்தைத் தின்றது.

ஒன்றாக்கிய கதை

இந்த இரட்டைப் பதிவேட்டை ஒழிக்கும் பணியை யோகான்னஸ் வைனர் மேற்கொண்டார். ஒட்டாக நின்ற கட்டுப்பாட்டகத்தைக் கருனியின் சொந்த உறுப்பாக்குவது நோக்கம். மார்ச் 2012இல் வெளியான 3.3 பதிப்பில் அது நிறைவேறியது.

அவர் செய்தது பொதுப் பட்டியலை நீக்கியதே. குழுவின் பட்டியலை நீக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. பக்கம் ஒவ்வொன்றும் தன் குழுவின் பட்டியலில் மட்டுமே இருக்கும். கணினி முழுவதற்கும் மீட்பு தேவைப்பட்டால், நிரல் ஒவ்வொரு குழுவாகச் சுற்றிவந்து, அததன் அளவுக்கேற்ப எடுத்துக்கொள்ளும். கட்டுப்பாட்டகத்தைப் பயன்படுத்தாதவரின் கணினியில் எல்லாப் பக்கங்களும் வேர்க்குழு ஒன்றிலேயே அடங்கும். இதனால் பொது மீட்பு, குழு மீட்பு என்ற இரு வழிகள் ஒரே வழியாயின. பொது மீட்பு என்பது வேரிலிருந்து தொடங்கும் குழு மீட்புதான்.

வேலை நடந்த ஒழுங்கும் முக்கியமானது. முதலில் பொதுப் பட்டியலைப் பார்த்த நிரல்பகுதிகள் எல்லாம் ஒவ்வொன்றாகக் குழுப்பட்டியலுக்கு மாற்றப்பட்டன. யாரும் பொதுப் பட்டியலைப் பார்க்காத நிலை வந்தபிறகே அது அகற்றப்பட்டது. அகற்றிய அந்த ஒரு மாற்றத்தில் ஒவ்வொரு பக்கத்தின் குறிப்பிலிருந்தும் இரண்டு சுட்டிகள் மறைந்தன. மூன்று ஆண்டுகள் கழித்து, பிப்ரவரி 2015இல் வெளியான 3.19 பதிப்பில், தனிக்குறிப்பே இல்லாமல் போயிற்று. பக்கம் எந்தக் குழுவுக்கு உரியது என்பதைக் காட்டும் ஒரே சுட்டி பக்க விவரத்துக்குள்ளேயே வைக்கப்பட்டது.

மேலும் சில நீக்கங்கள்

இதே ஆண்டுகளில் மீட்பு நிரலின் வேறு பகுதிகளும் சீராயின. நினைவகம் கேட்ட நிரலே நேரடியாக மீட்கும்போது, மாற்றப்பட்ட கோப்புப் பக்கங்களை அங்கேயே வட்டில் எழுதும் வழக்கம் இருந்தது. அது கருனியின் அடுக்கிடத்தை நிரப்பியது. வட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாக எழுத வைத்து வேகத்தையும் கெடுத்தது. 2012 ஜனவரியில் வெளியான 3.2 பதிப்பில் மெல் கோர்மன் அதை நிறுத்தினார்.

அடுத்தடுத்த பக்கங்கள் சேர்ந்த பெரிய துண்டு தேவைப்படும்போது, ஒரு பக்கத்தோடு அதன் அண்டைப் பக்கங்களையும் சூடு பாராமல் வெளியேற்றும் 'லம்பி' மீட்பு 2007இல் சேர்க்கப்பட்டிருந்தது. பக்கங்களை வெளியேற்றாமல் நகர்த்தியே பெரிய இடம் உண்டாக்கும் செறிவாக்கம் 2010இல் வந்தது. அதன்பின் முன்னதற்குத் தேவையில்லை. 3.5 பதிப்பில் கோர்மன் அதை முற்றாக அகற்றினார்.

2014இல் வெளியான 3.15 பதிப்பில் வைனர் சேர்த்த மாற்றம் மீட்பு நிரலுக்கு நினைவாற்றல் தந்தது எனலாம். வெளியேற்றிய பக்கத்தின் இடத்தில் சிறு அடையாளம் விடப்படுகிறது. அப்பக்கம் விரைவிலேயே திரும்பக் கேட்கப்பட்டால், வெளியேற்றியது தவறு என்று கருனி அறிந்து, அதைச் சூடான பட்டியலில் சேர்க்கிறது. 1968இல் டென்னிங் பேசிய பணித்தொகுதிக் கருத்து இங்கே வேறு வடிவில் பயன்படுகிறது. பட்டியல்கள் ஒழுங்காக இருந்தால்தான் இத்தகைய கணக்கை நம்ப முடியும்.

கைப்பேசியில் கண்ட பலன்

கைப்பேசிகளில் இடமாற்றுக்கு வட்டு கிடையாது. மின்னணுச் சேமிப்பகத்தில் அடிக்கடி எழுதினால் அதன் ஆயுள் குறையும். ஆகவே நினைவகத்திலேயே ஒரு பகுதியை ஒதுக்கி, பக்கங்களைச் சுருக்கி அதில் வைக்கிறார்கள். இதற்கான 'சீரேம்' பகுதியை எழுதியவர் நிதின் குப்தா. 2008 முதல் அவர் உருவாக்கிய அந்த நிரல் 2014இல் 3.14 பதிப்பில் சோதனைப் பகுதியிலிருந்து கருனியின் நிலையான பகுதிக்கு உயர்ந்தது.

கூகுளின் யூ ஜாவ் எழுதிய பல்தலைமுறைப் பட்டியல் முறை டிசம்பர் 2022இல் 6.1 பதிப்பில் சேர்ந்தது. சூடு, ஆறியது என்ற இரண்டே நிலைகளுக்குப் பதிலாக, பக்கங்களை வயதுவாரியாகப் பல தலைமுறைகளாகப் பிரிப்பது இம்முறை. கூகுள் தன் சாதனங்களில் அளந்ததாக அறிவித்த கணக்குப்படி, கேஸ்வாப்டி செலவிடும் செயலி நேரம் 40 விழுக்காடு குறைந்தது. 75ஆம் சதமான நிலையில் நினைவகக் குறைவால் செயலிகள் கொல்லப்படுவது 85 விழுக்காடு குறைந்தது. விண்ணப்பம் பாதியில் காணாமற்போன மாணவரின் சிக்கலைத் தொடும் எண் இந்த இரண்டாவதுதான்.

இங்கே ஒரு முரணும் உண்டு. புதிய முறை சேர்ந்தபோது பழைய முறை அகற்றப்படவில்லை. ஒரே கோப்பில் இரு மீட்பு வழிகள் குடியிருக்கும் நிலை மறுபடியும் உருவாயிற்று.

அகற்ற முடியாதவை

பயன்படுத்துவோர் இருக்கும் வரை கருனியில் எதையும் எளிதில் அகற்ற முடியாது. பயனரின் நிரலை உடைக்கக் கூடாது என்பது டோர்வால்ட்ஸ் வலியுறுத்தும் விதி. மார்ச் 2016இல் 4.5 பதிப்பில் சிகுரூப்பின் இரண்டாம் வடிவம் அதிகாரபூர்வமாக வந்தது. பழைய மென்வரம்பு அதில் இடம்பெறவில்லை. மீட்பு நிரலோடு இயைந்து செயல்படும் காப்புவரம்பு அதன் இடத்தைப் பிடித்தது. எனினும் முதல் வடிவத்தை நம்பிய நிறுவனங்கள் பல இருந்ததால் அதுவும் தொடர்ந்தது.

செப்டம்பர் 2024இல் வெளியான 6.11 பதிப்பில் ரோமன் குஷ்சின், முதல் வடிவத்துக்கு மட்டும் உரிய நிரலைத் தனிக் கோப்புக்குப் பிரித்தார். வேண்டாதவர்கள் அதைச் சேர்க்காமலே கருனியைத் தொகுத்துக்கொள்ளலாம். 2008இல் தொடங்கிய ஒரு பகுதியின் பழைய கூறுகள் 16 ஆண்டுகள் கழித்தே ஓரமாக ஒதுங்கின.

மாணவர்களுக்கு

இந்த வரலாற்றில் முதலில் எழுதியவர் பிழை செய்தார், பின்னால் வந்தவர் திருத்தினார் என்று வாசிப்பது பொருந்தாது. ஒட்டாக உள்ளே வந்த கட்டுப்பாட்டகம் இல்லையென்றால், இன்று மேகக் கணிமையில் கொள்கலன்களுக்கு விதிக்கப்படும் நினைவக வரம்பு இந்த வடிவில் இருந்திராது. அது பயன்பாட்டுக்கு வந்து, எங்கே இடிக்கிறது என்று தெரிந்தபிறகே சீராக்கம் சாத்தியமாயிற்று. வண்டல் படிவது ஆறு ஓடுவதால்தான். தண்ணீர் வராத வாய்க்காலில் தூரும் இராது.

சீராக்கிய முறையிலிருந்து கற்க வேண்டியவையும் தெளிவாக உள்ளன. நடத்தையை மாற்றாத திருத்தமும் நடத்தையை மாற்றும் திருத்தமும் ஒரே துண்டில் கலப்பதில்லை. பழையதைப் பார்ப்பவர் யாரும் இல்லாத நிலையை உண்டாக்கிய பிறகே பழையது அகற்றப்படுகிறது. ஒவ்வொரு மாற்றத்தோடும் ஏன் செய்தோம், எவ்வளவு மாறியது என்ற விளக்கம் எழுதப்படுகிறது.

அந்த விளக்கங்கள் அனைத்தும் கருனியின் 'கிட்' வரலாற்றில் ஏப்ரல் 2005 முதல் திறந்தே கிடக்கின்றன. படிக்க அனுமதியோ கட்டணமோ வேண்டாம். பழைய மடிக்கணினியும் இணைய இணைப்பும் இருந்தால், திருக்காட்டுப்பள்ளியில் இருக்கும் மாணவரும் இரண்டு சுட்டிகள் மறைந்த அந்த ஒரு மாற்றத்தைத் தேடி எடுத்து, எந்த வரி போயிற்று, ஏன் போயிற்று என்று தாமே வாசித்துப் பார்க்கலாம்.